மாத்திரை வீட்டுக்கே வருது... கண் பரிசோதனை எப்போ வரும்?

"எனக்கு சாதா சுகர்தான்பா. ஊசி எல்லாம் கிடையாது, மாத்திரையிலயே ஓடுது."

ஊரில் இருக்கும் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ போனில் உடம்பைப் பற்றி விசாரித்தால் வரும் பதில் இதுதான். "கண்ணு செக் பண்ணீங்களா?" என்று அடுத்துக் கேட்டால், "கண்ணு நல்லாத்தான் தெரியுது, நேத்துகூட பேப்பர் படிச்சேனே" என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

உத்திரமேரூர் போன்ற ஊர்களில் பெற்றோரை விட்டுவிட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சென்னை என்று வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் இந்தப் பதிலில் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் ஊசி போடாததால் கண்ணுக்கு ஆபத்தில்லை என்பதும், பார்வை நன்றாக இருப்பதால் கண் நன்றாக இருக்கிறது என்பதும் தப்புக் கணக்கு. இந்தக் கணக்கைத் திருத்த வேண்டிய பொறுப்பு குடும்பங்களுக்கு மட்டுமல்ல, அரசுக்கும் இருக்கிறது.

சின்ன சுகர், பெரிய சுகர் என்று உண்டா?

இல்லை. நடுத்தர வயதில் வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் 'டைப் 2' வகை. இதில் கணையம் இன்சுலினைச் சுரக்கும். ஆனால் அது உடலுக்குப் போதாது, அல்லது உடல் அதைச் சரியாகப் பயன்படுத்தாது. ஆரம்பத்தில் உணவுக் கட்டுப்பாடும் மாத்திரையும் போதும். வருடங்கள் போகப் போக கணையம் களைத்துப்போனால் இன்சுலின் தேவைப்படும்.

ஆக, ஊசியா மாத்திரையா என்பது கணையத்தில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்லும் விஷயம். கண்ணின் கதை வேறு. இத்தனை வருடம் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடியது, கூடவே ரத்த அழுத்தம் எப்படி இருந்தது என்பதைத்தான் விழித்திரை கணக்கு வைத்துக்கொள்ளும். 10 வருடமாக மாத்திரை மட்டும் போட்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராதவரின் கண், ஊசி போட்டுச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவரின் கண்ணைவிட மோசமாக இருக்கலாம்.

கண்ணுக்குள் என்னதான் நடக்கிறது?

கண்ணின் பின்சுவரில் இருக்கும் மெல்லிய படலம் விழித்திரை. கேமராவுக்கு ஃபிலிம் எப்படியோ, அப்படிக் கண்ணுக்கு இது. முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் இதற்கு உணவும் ஆக்சிஜனும் கொண்டுவருகின்றன. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாகவே இருந்தால் இந்தக் குழாய்களின் சுவர் பலவீனமாகும். முதலில் சின்னச் சின்ன புடைப்புகள் வரும். பிறகு அவை கசியும். புள்ளி புள்ளியாக ரத்தம் கோக்கும். சில குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

அடைத்த இடத்துக்கு ஆக்சிஜன் போகாது. அந்தப் பற்றாக்குறையைச் சரிசெய்ய, கண் புதுக் குழாய்களை வளர்க்கும். ஆனால் அவை தரமில்லாத குழாய்கள். லேசான அழுத்தத்திலேயே உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டலாம். தழும்பாகி விழித்திரையையே பிய்த்து இழுக்கலாம். இது ஒரு வழி. இன்னொரு வழி, விழித்திரையின் மையமான 'மேக்குலா'வில் நீர் கோத்து வீங்குவது. படிக்க, முகம் பார்க்க, ஊசியில் நூல் கோக்கப் பயன்படும் பார்வை இங்கிருந்துதான் வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: கசிவு தொடங்கும்போது வலி இருக்காது, சிவப்பு இருக்காது, பார்வையும் குறையாது. பார்வை மங்கும்போது நோய் பெரும்பாலும் பல வருடம் கடந்து வந்திருக்கும்.

உத்திரமேரூரை நாடறிந்தது குடவோலைக் கல்வெட்டுகளால். முதலாம் பராந்தகன் காலத்தில், பொ.ஆ. 919, 921-ம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகளில், ஏரியைக் கவனிக்க ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட 'ஏரி வாரியம்' பற்றிய குறிப்பு இருக்கிறது. ஏரிப் பாசன ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கரையில் கசிவு ஆரம்பிக்கும்போது ஏரி நிரம்பித்தான் இருக்கும். தண்ணீர் இருக்கிறதே என்று கரையைப் பார்க்காமல் விட முடியாது. கண்ணுக்கும் அதே நியாயம்தான்.

ஊசி போடாதவர்களுக்கு எவ்வளவு ஆபத்து?

இதை நேரடியாக அளந்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தெற்குப் பகுதியின் 11 கவுண்டிகளில் 1980-82ல் தொடங்கிய ஆய்வு அது. 30 வயதுக்குப் பிறகு சர்க்கரை நோய் வந்தவர்களை, இன்சுலின் போடுபவர்கள், போடாதவர்கள் என்று தனித்தனியாகப் பிரித்து 10 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள்.

தொடக்கத்தில் விழித்திரை நன்றாக இருந்தவர்களில், இன்சுலின் போட்டவர்களில் 79 சதவீதம் பேருக்கு 10 வருடத்தில் பாதிப்பு வந்தது. போடாதவர்களில் 67 சதவீதம். பார்வையைப் பறிக்கக்கூடிய, புதுக் குழாய் வளரும் கட்டத்துக்குப் போனவர்கள் முறையே 24 சதவீதம், 10 சதவீதம்.

ஆக, ஊசி போடாதவர்களுக்கு ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆபத்தே இல்லை என்பது பொய். அது 40 வருடத்துக்கு முந்தைய அமெரிக்கா. அன்றைய சிகிச்சையும் வேறு, மக்களும் வேறு. அந்தச் சதவீதத்தை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஆனால் அதில் இருக்கும் ஒரு கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும்.

ஒரு ஊரில் 200 பேருக்கு சுகர் என்று வைத்துக்கொள்வோம். 20 பேர் ஊசி, 180 பேர் மாத்திரை. அதே விகிதம் என்றால், 10 வருடத்தில் ஊசி போடும் 20 பேரில் சுமார் 5 பேர் ஆபத்தான கட்டத்துக்குப் போவார்கள். மாத்திரை போடும் 180 பேரில் 18 பேர். தனி ஆளாகப் பார்த்தால் மாத்திரைக்காரருக்கு ஆபத்து குறைவு. தலையை எண்ணினால் அவர்கள்தான் அதிகம். ஊசி போடுபவர் எப்படியும் டாக்டர் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பார். "சாதா சுகர்" என்று இருப்பவரை யாரும் கண் பார்க்கச் சொல்வதில்லை.

இன்னொரு செய்தி பிரிட்டனிலிருந்து. 5,102 பேரை வைத்து நடந்து, 1998ல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், டைப் 2 சர்க்கரை நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டபோதே மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களின் விழித்திரையில் பாதிப்பு இருந்தது. "போன வாரம்தானே சுகர்னு சொன்னாங்க" என்பது கண்ணுக்குத் தெரியாது. பல வருடமாக அமைதியாக இருந்த சர்க்கரையைத்தான் போன வாரம் கண்டுபிடித்திருப்பார்கள். டைப் 2 என்று தெரிந்த உடனேயே முதல் கண் பரிசோதனை, பிறகு வருடம் ஒருமுறை என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வது இதனால்தான்.

அப்போ இன்சுலின்தான் கண்ணைக் கெடுக்குதா?

"அவரு ஊசி ஆரம்பிச்சாரு, ஆறு மாசத்துல கண்ணு போச்சு" என்ற பேச்சும் கிராமங்களில் உண்டு. ஆய்வுகளிலும் இன்சுலின் போடுபவர்களிடம் கண் பாதிப்பு அதிகமாகத்தான் தெரிகிறது. காரணம், நோய் முற்றிய பிறகே பலருக்கு இன்சுலின் தொடங்கப்படுகிறது. தீயணைப்பு வண்டி நிற்கும் தெருவில் எல்லாம் தீ இருக்கிறது. வண்டியா தீ வைத்தது?

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்மை. ஏற்கெனவே விழித்திரை பாதித்த ஒருவருக்கு, ரொம்ப நாள் எகிறியிருந்த சர்க்கரை திடீரென்று வேகமாகக் குறைந்தால், சில மாதங்களுக்குக் கண் பாதிப்பு கொஞ்சம் கூடலாம். அதற்காக இன்சுலினைத் தள்ளிப்போடக் கூடாது. தள்ளிப்போட்டால் நீண்ட காலத்தில் கண்ணுக்குத்தான் நஷ்டம். ஊசி தொடங்கும் முன் கண்ணைப் பார்த்துவிடுவது, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பார்ப்பது, இதுதான் வழி.

காஞ்சிபுரம் கிராமங்களில் நிலைமை என்ன?

இந்தப் பகுதியில் ஆய்வுக்குப் பஞ்சமில்லை. சங்கர நேத்ராலயா காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2014ல் வெளியாயின. 40 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு சர்க்கரை நோய். அப்படி நோய் உள்ளவர்களில் 10.3 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதது, ரத்த அழுத்தம், 15 வருடத்துக்கு மேலான நோய் ஆகியவை ஆபத்தைக் கூட்டின.

அதற்கு முன்பே, டாக்டர் வி. மோகன் தலைமையிலான சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த சூணாம்பேட்டில் ஒரு திட்டத்தை நடத்தியது. 2019ல் மாவட்டம் பிரிந்த பிறகு சூணாம்பேடு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. 42 கிராமங்களுக்கு வேன் போனது. 23,000க்கும் அதிகமானவர்களைப் பரிசோதித்தார்கள். விழித்திரையைப் படம் எடுத்துச் செயற்கைக்கோள் இணைப்பில் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே சர்க்கரை நோயாளிகளில் 18.2 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு தெரிந்தது.

இரண்டு ஆய்வுகளும் ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம் வேறு, அதனால் எண்ணும் வேறு. ஆனால் 10 பேரில் ஒருவர் முதல் 5 பேரில் ஒருவர் வரை என்பது எந்த ஊருக்கும் சின்ன எண்ணிக்கை அல்ல. சூணாம்பேட்டில் இன்னொன்றும் தெரிந்தது. சர்க்கரை சிகிச்சைக்காகச் சென்னையின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பாலானோரை உள்ளூரிலேயே கவனிக்க முடிந்தது.

ஏன் போக மாட்டேங்கிறாங்க?

அலட்சியம் என்று ஒரு வார்த்தையில் முடிப்பது சுலபம். ஒரு நாள் கண் பரிசோதனைக்கு என்ன செலவாகிறது என்று பார்த்தால் புரியும்.

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து விழித்திரையைப் பார்க்கக் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ பஸ் ஏற வேண்டும் என்றால், அன்றைய கூலி போச்சு. கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்த்தால், அடுத்த சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் இருப்பது மங்கும். பைக் ஓட்ட முடியாது. கூட ஒரு ஆள் வர வேண்டும். அவர் கூலியும் போச்சு. இவ்வளவும் எதற்காக? நன்றாகத் தெரியும் கண்ணைக் காட்டுவதற்காக! நடவு நேரத்தில், அறுப்பு நேரத்தில் இதைச் செய்யச் சொன்னால் யாரும் யோசிக்கத்தான் செய்வார்கள்.

பக்கத்துக் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துப் பவர் பார்த்துவிட்டு, "கண் செக் பண்ணியாச்சு" என்று நினைப்பவர்களும் உண்டு. அது பார்வையை அளப்பது. விழித்திரையைப் பார்ப்பது வேறு.

அரசு என்ன செய்ய வேண்டும்?

2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ஒரு பெரிய தடையை உடைத்தது. சுகர், பி.பி. மாத்திரை வாங்க மாதாமாதம் வரிசையில் நின்றவர்களுக்கு அது வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண் தன்னார்வலர் அந்த ஊர்க்காரர். யாருக்கு என்ன நோய், யார் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

இந்த நல்ல ஏற்பாட்டுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுவதால், ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் வாய்ப்பு குறைகிறது. டாக்டர் தற்செயலாக "கண்ணு பாத்தீங்களா?" என்று கேட்கும் வாய்ப்பும் அதோடு போகிறது. எனவே மாத்திரையோடு கண்ணையும் சேர்க்க வேண்டும். மூன்று வேலைகள் போதும்.

முதலாவது, நோயாளியின் அட்டையில் சர்க்கரை அளவுக்குப் பக்கத்திலேயே, கடைசியாக விழித்திரை பார்த்த தேதிக்கு ஒரு கட்டம். அது காலியாக இருந்தாலோ, தேதி ஒரு வருடத்தைத் தாண்டினாலோ, தன்னார்வலர் மாத்திரை கொடுக்கும்போதே அடுத்த முகாம் தேதியைச் சொல்லிவிட்டுப் போகலாம்.

இரண்டாவது, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாதத்தில் ஒரு நாள் விழித்திரை கேமரா. இப்போதைய கேமராக்களில் பலருக்குச் சொட்டு மருந்து இல்லாமலே படம் எடுக்கலாம். எடுக்கக் கண் டாக்டர் தேவையில்லை; பயிற்சி பெற்ற நர்ஸ் போதும். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 'நயனாமிர்தம்' திட்டம் குடும்ப சுகாதார மையங்களில் இதைத்தான் செய்தது. படத்தை எங்கிருந்தோ ஒருவர் பார்த்துச் சொல்லலாம். செயற்கை நுண்ணறிவும் உதவும்; 2016ல் வெளியான கூகுளின் ஆய்வில் மதுரை அரவிந்த், சங்கர நேத்ராலயா இரண்டின் பங்கும் இருந்தது. தமிழ்நாட்டில் இதற்கான திறமை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

மூன்றாவது, படம் எடுத்த பிறகான தொடர்ச்சி. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தவர் உண்மையில் போனாரா என்று யாராவது பார்க்க வேண்டும். சிகிச்சை வரை கொண்டுபோகாத படத்தால் யாருக்கும் பயனில்லை.

வயதானவர்களுக்குக் கண்புரை இருந்தால் படம் தெளிவாக வராது, கண் டாக்டர்கள் போதாது, செலவு ஆகும் என்ற மறுப்புகள் நியாயமானவை. படம் தெளியாதவரைச் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கலாம். கண்புரை இருந்தால் அதற்கும் அன்றே வழி சொல்லலாம். டாக்டர் பற்றாக்குறை என்பது, எல்லோரையும் டாக்டரிடம் அனுப்பாமல், தேவைப்படுபவரை மட்டும் பிரித்து அனுப்புவதற்கான காரணமே தவிர, யாரையும் பார்க்காமல் விடுவதற்கான காரணம் அல்ல.

பலன் வருமா என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. 2003ல் அங்கே சர்க்கரை நோயாளிகளை அழைத்து விழித்திரையைப் படம் எடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கி, 2008க்குள் நாடு முழுக்கப் பரவியது. உழைக்கும் வயதினரின் பார்வை இழப்புக்குக் குறைந்தது 50 வருடமாக முதல் காரணமாக இருந்த சர்க்கரை விழித்திரை நோய், 2009-10 கணக்கில் அந்த இடத்திலிருந்து இறங்கியது. சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதும் இந்தத் திட்டமும் சேர்ந்து அதைச் சாதித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

கண்டுபிடித்தால் சரியாகிவிடுமா?

ஆரம்பக் கட்டம் என்றால் பெரும்பாலும் கண்ணுக்குத் தனிச் சிகிச்சையே வேண்டாம். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தால் போதும். மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில், ரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய குழுவில் விழித்திரை மோசமாவது 34 சதவீதம் குறைந்தது. பி.பி. மாத்திரையும் கண் மாத்திரைதான் என்று வீட்டில் சொல்லி வைக்கலாம்.

நோய் முற்றியிருந்தால் லேசர், கண்ணுக்குள் போடும் ஊசி, அறுவை சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. லேசர் சிகிச்சை கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்குப் பாதி குறைக்கும் என்பது 1976லேயே நிரூபணமான விஷயம். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை இருக்கும் பார்வையைக் காப்பாற்றத்தான். போன பார்வையைத் திருப்பிக் கொண்டுவருவது எல்லோருக்கும் நடப்பதில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது...

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் சுகர் உள்ளவரிடம் பிள்ளைகள் கேட்க வேண்டியவை இவை:

சுகர் இருப்பது தெரிந்து எத்தனை வருடம் ஆகிறது?

கடைசியாகக் கண்ணைச் சொட்டு மருந்து விட்டு, அல்லது விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்தது எப்போது? கண்ணாடி பவர் பார்த்தது இதில் சேராது.

மூன்று மாத சராசரி சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி எவ்வளவு? பி.பி. எவ்வளவு?

கண் முன்னால் கருப்புப் புள்ளியோ நூலோ திடீரென்று மிதக்கிறதா? திரை போட்ட மாதிரி மறைக்கிறதா? அப்படியென்றால் முகாமுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு "ஞாபகம் இல்லப்பா" என்று பதில் வந்தால், ஒரு நாள் லீவு போட்டுக் கூடவே போவது நல்லது. சொட்டு மருந்து விட்ட கண்ணோடு அப்பா தனியாகப் பஸ் ஏறி வர முடியாது என்பதும், அந்த ஒரு காரணத்தாலேயே அவர் இத்தனை வருடம் போகாமல் இருந்திருக்கலாம் என்பதும் பல வீடுகளில் யாரும் யோசிக்காத விஷயம்.